அம்மா தண்ணீர் குடிக்காத நாட்கள்

19 ஆகஸ்ட் 2024

இன்றிலிருந்து எதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன், எழுதக் கூச்சமாக இருப்பதையும். பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் பொய்தான் எழுதுவேன் என்றால் எழுதவே வேண்டாம்.

அம்மாவுக்கு மறுபடியும் நீர்க்கடுப்பு. முனகல் வெளியே கேட்கக் கூடாதென்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். எனக்குக் கேட்டது. “சூடு பிடிச்சிருக்குது அம்மணி, வேற ஒண்ணுமில்ல” என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டாள். பொங்கலுக்குப் பிறகு இது எத்தனையாவது சூடு?

23 ஆகஸ்ட்

மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை இரண்டு நாள் போட்டாள். எரிச்சல் நின்றது. மீதியைக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். “அடுத்த தடவைக்கு ஆகும்.”

பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தேன். கிருமி சிறுநீரகம் வரை ஏறலாமாம். 

1 செப்டம்பர்

கொடுமுடியிலிருந்து சைத்ரா சித்தி பேசினாள். வரும் பதினைந்தாம் தேதி அவளுக்குக் கல்யாணம். “உங்கம்மா நிச்சயத்துக்கே வரல. மகாராணிக்கு எங்க ஊடு ஆகாதாமா? கல்யாணத்துக்காவது வருவாளான்னு கேட்டுச் சொல்லு கண்ணு.”

அம்மா போகாததற்குக் காரணம் கோயமுத்தூரிலிருந்து போகும் பஸ். அவ்வளவு நேரம் அவளால் அடக்க முடியாது. சித்தியிடம் சொல்லிவிடட்டுமா என்றேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். “அந்த எடத்துல நோவுன்னா சனம் வேற மாதிரி நெனைக்கும். உங்க நைனாகிட்டயும் சொல்லக் கூடாது.”

சத்தியம் செய்தேன். ஏன் செய்தேன்?

14 செப்டம்பர்

விடிந்தால் கல்யாண வேன். மத்தியானத்திலிருந்து அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

15 செப்டம்பர்

ஈரோட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தாலி கட்டி முடிந்ததும் அம்மா மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல் தந்தியடித்தது. தொட்டால் கொதித்தது. “ஏசி குளிரு” என்றாள் — அந்த மண்டபத்தில் ஏசியே கிடையாது. பந்தியில் இருந்த நைனாவிடம் ஓடினேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. “நைனா, அம்மாவுக்கு மூத்திரம் போனா எரியுது, வருசக்கணக்கா எரியுது, இப்ப செத்துருவா போல இருக்குது” என்று கத்திவிட்டேன். பந்தியே நிமிர்ந்து பார்த்தது. நைனா இலையை மூடாமல் எழுந்தார்.

சித்தி மணக்கோலத்தோடு வேன் வரை வந்தாள். அம்மா நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்காததை அவளிடம் சொன்னேன். “எங்கிட்டச் சொன்னா என்னக்கா? இந்தச் சீலையோட எங்க போறதுன்னு நானும் நேத்திருந்து தண்ணி குடிக்கல.”

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம். பிழைத்தால் போதும். பிழைப்பாள்தானே?

18 செப்டம்பர்

கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதாம். பாதியில் பாதியில் நிறுத்திய மாத்திரை இனிமேல் வேலை செய்யாதாம். ஊசியில் வேறு மருந்து ஏறுகிறது.

“எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?” என்றார் நைனா.

“என்னன்னுங்க சொல்றது?” என்றாள் அம்மா.



24 செப்டம்பர்

அம்மா கோயமுத்தூருக்கு, வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னிடம் மட்டும், வேண்டியதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

22 அக்டோபர்

பள்ளியில் எங்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கடைசி மணி வரை அடக்கிக்கொள்வேன். இன்று சாயங்காலம் எனக்கும் எரிந்தது. இப்படியா எரியும்? இதையா அவள் சூடு என்று சொன்னாள்? வெகுநேரம் வெளியே வராமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன்.

அம்மா அடுப்பை அணைத்தாள். என் தலையை வாரிவிட்டாள். “நட, டாக்டரம்மா இருப்பாங்க.”

கிளினிக்கில் நல்ல கூட்டம். சீட்டு எழுதும் பெண், என்ன தொந்தரவு என்று கேட்டாள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மா குரலைத் தாழ்த்தவே இல்லை. “எம்பொண்ணுக்கு மூத்திரம் எரியுதுங்க. எனக்கும் இது இருந்துது. சொல்லாம வெச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்.” பெஞ்சில் இருந்த ஆண்கள் திரும்பினார்கள். அம்மா அவர்களைத் திருப்பிப் பார்த்தாள். அவர்கள்தான் குனிந்தார்கள்.

பரிசோதனை முடிவு வியாழக்கிழமை வரும். பயமாகத்தான் இருக்கிறது. நாங்கள்தான் கடைசி, படியிறங்கும்போது எங்களுக்குப் பின்னால் கிளினிக் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.