மோட்டார் போடக் கற்றுக்கொண்டேன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் வீட்டுக்காரரின் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளை திண்டிவனம் போய் ரிசல்ட் வாங்க வேண்டும். எதிலும் கெட்டதையே முதலில் நினைப்பவள் நான். "ஒண்ணும் ஆகாது, சும்மா பயந்துக்கினு இருக்காத" என்று சிரிப்பவர் அவர். போட்ட மல்லாட்டை, அந்த வேர்க்கடலைப் பயிர், முழுக்கக் காய்ந்துபோன வருஷமும் அப்படித்தான் சிரித்தார்.

இன்று சாயங்காலம் என்னைக் கொல்லைக்கு, எங்கள் நிலத்துக்கு, கூட்டிப்போனார். மோட்டார் கொட்டகையில் நிற்கவைத்து, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும், தண்ணீர் ஏறாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகக் காட்டினார்.

"இத எதுக்குங்க எனக்குக் காட்றீங்க?"

"தெரிஞ்சி வச்சிக்கினா நல்லதுதான."

அவர் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன். கல்யாணமானதிலிருந்து நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கெட்டதையே எதிர்பார்த்திருந்த வரைக்கும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. இன்று நல்லது வரும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். அது இவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரியாது. இத்தனை வருஷமாக இந்தப் பயத்தை அவர் எங்கே வைத்திருந்தார்?