கட்டடம் பார்க்க வந்தவர்கள்

செப்டம்பர் 14, புதன்.

தஞ்சை புறவழிச்சாலையில் நான் கட்டிய மூன்று மாடியைப் பார்க்க, சென்னை மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியிலிருந்து இன்று இருவர் வந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. பயோடெக் முடித்த மகள் நசீமாவைக் கூட்டிப்போனேன். லேப் எங்கே வைக்கலாம், ஐப்பசி மழைக்கு வயல் தண்ணீர் உள்ளே வருமா, எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொன்னாள். இப்படி ஒரு கம்பெனி வந்தால் அவளும் இங்கேயே இருப்பாள் என்றுதான் அதைக் கட்டினேன்.

சாயங்காலம் போன் வந்தது. கட்டடம் சரிப்படாதாம். நசீமாவுக்குச் சென்னையில் வேலை தருகிறார்களாம்.

"போகட்டுமா அத்தா?" என்றாள்.

அந்தக் காலத்தில் வேலைக்காகச் சவூதிக்குக் கிளம்பியபோது நான் யாரையும் கேட்கவில்லை. இவளும் கேட்காமல் கிளம்பியிருந்தால் சத்தம் போட்டாவது தடுத்திருப்பேன். கேட்டுவிட்டாளே. அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது.