நானாகவே வந்தேன் என்று எழுதிக்கொடுத்தது

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. வானவடி சிக்னலில் வண்டி இரண்டு தடவை ஆஃப். ரெயின்கோட்டில் கை கிழிசல், தைக்கக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு மராட்டி மாமி நேற்று ஏகாதசிக்குச் செய்த ஜவ்வரிசிக் கிச்சடி கொடுத்திருந்தார். மதியத்துக்கு அதுவே.

சாப்பிடவில்லை.

ஏரவாடா ஆபீசில் லிஃப்டிலேயே தெரிந்துவிட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வளைகுடாவில் நாங்கள் அதிகம் வாடிக்கையாளர் சேர்த்த நாடு ஒன்று. அங்கே பணச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் எங்கள் கம்பெனி பெயரைப் போட்டு எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஆன்லைன் டிரேடிங் நடத்த இவர்களுக்கு இங்கே லைசென்ஸ் கிடையாது, ஏமாறாதீர்கள் என்று. பொய்யில்லை. லைசென்ஸ் எங்கோ ஒரு தீவில் வாங்கியது. வேலை புனேயில். வாடிக்கையாளர்கள் ஊர் ஊராக. தமிழ் பேசுகிறவர்களுக்கு நான் ஒருத்தி.

பதினோரு மணிக்கு அந்த நாட்டுக் கணக்குகள் எல்லாம் முடக்கம். நடந்துகொண்டிருந்த டிரேடுகளைக் கம்பெனியே மூடிவிட்டது, சந்தை விழுந்து கிடந்த நேரம் பார்த்து. மிச்சப் பணம் "பரிசீலனையில்". யார் கூப்பிட்டாலும் எடுக்காதே என்று மெயில்.

மூன்று மணிக்குள் என் மேசை போனில் பத்தொன்பது அழைப்பு. சத்தத்தை அணைத்துவிட்டு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். பால், கொத்தமல்லி, பாப்பா ஸ்கூலுக்கு கிராஃப் நோட்டு.

மேசை போனை எடுக்கவில்லை. ஆனால் காளிமுத்து அண்ணனிடம் என் சொந்த நம்பர் இருக்கிறது. கொடுக்கக் கூடாது, கொடுத்திருந்தேன். மதியம் அடித்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், அந்த வளைகுடா நாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மூன்று வருடச் சேமிப்பு எங்களிடம் மாட்டிக்கொண்டது. மகளை அடுத்த மாதம் நர்சிங்கில் சேர்க்க வேண்டும்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "பணம் வந்துரும்ல தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். வந்துடும்ணே என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

இதை எங்காவது எழுதியாக வேண்டும். இங்கேயே எழுதுகிறேன்.

அந்த நாட்டுச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாத கம்பெனி அங்கிருப்பவர்களைத் தேடிப் போய்ச் சேர்க்கக் கூடாது. ஆனால் ஒருவர் தானாகத் தேடி வந்தால் கம்பெனியைப் பிடிக்க முடியாது. அந்தச் சந்துக்குள்தான் எங்கள் பிழைப்பு. அதனால் சேரும் ஒவ்வொருவரும் தன் கையால் டைப் செய்து அனுப்ப வேண்டும்:

1. நானாகவே தேடி வந்தேன்.
2. கம்பெனியிலிருந்து யாரும் என்னை அழைக்கவில்லை.
3. இவர்களுக்கு இங்கே லைசென்ஸ் இல்லை என்று தெரியும்.
4. நஷ்டம் வந்தால் என் பொறுப்பு.

முதல் மூன்றும் பொய். கம்பெனி எங்கிருந்தோ ஒரு நம்பர் லிஸ்ட் வாங்கியது, நான் கூப்பிட்டேன். காளிமுத்து அண்ணனிடம் "சாப்பிட்டாச்சாண்ணே" என்றுதான் ஆரம்பித்தேன். ஆபீஸ்காரங்க யாரும் என்கிட்ட இப்படிக் கேட்டதில்லை என்று சிரித்தார். அதிலேயே விழுந்துவிட்டார் மனிதர்.

லெட்டர் என்றதும் முழித்தார். இங்கிலீஷ் வராது, நீங்களே எழுதிக் குடுங்க என்றார். எழுதிக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. நான் வளர்ந்த கட்கி குவார்ட்டர்ஸில், எட்டாம் வகுப்பிலிருந்து அக்கம்பக்கத்துத் தமிழ்க்காரர்களுக்கு எழுதித் தருவதுதான் என் வேலை. கேஸ் கனெக்‌ஷனா, ரேஷன் கார்டா, டிரான்ஸ்ஃபர் மனுவா, "பாப்பா, எழுதிக் குடு" என்று வருவார்கள். எழுதி நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். என்ன எழுதினாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் என்னை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

காளிமுத்து அண்ணனும் கேட்கவில்லை. நான் படித்துச் சொல்லவுமில்லை. வழக்கமான ஃபார்ம்தாண்ணே என்றேன்.

இப்படி முப்பத்தொரு பேருக்கு.

ஜூலை 9, புதன்

மழை விட்டது. ஆபீஸ் கேன்டீனில் அவல் போஹா, உப்பு தூக்கல்.

கௌரவ் சார் கூப்பிட்டார். சட்ட விதி சமாசாரங்களைப் பார்க்கிற பிரிவின் தலைவர். என்னைவிட ஐந்து வயது சின்னவன், "சார்" என்று நாக்கில் ஒட்டிவிட்டது. மேசையில் முப்பத்தொரு லெட்டர். எல்லாம் ஒரே வாசகம், கமா உட்பட. இந்தியில்தான் கேட்டார், இத்தனை பேருக்கும் ஒரே மாதிரி எப்படித் தோன்றியது என்று. கேட்கும்போதே சிரிப்பு. அவருக்குத் தெரியும். தமிழ் டெஸ்க் சூப்பர் என்று மார்ச்சில் கேக் வெட்டிய ஆள் அவர்தான்.

பதில் அவரே வைத்திருந்தார். வாடிக்கையாளர்கள் இணையத்தில் எங்கேயோ ஒரு மாதிரி லெட்டரைப் பார்த்துக் காப்பி அடித்திருப்பார்கள். ஊழியர்கள் யாரும் எழுதித் தரவில்லை, யாரும் முதலில் அழைக்கவில்லை. இதை என் பெயரில் அடித்து நீட்டினார்.

"டென்ஷன் மத் லோ. சப் சைன் கர் ரஹே ஹைன்." பயப்படாதே, எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களாம்.

போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பெண் போனில் யாரிடமோ புடவை நிறம் பற்றிச் சண்டை.

போசரி தொழிற்பேட்டையில் என் வீட்டுக்காரர் முரளிக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை, ஆர்டர் இல்லை. இந்த மாதம் வீடு ஓடுவது என் சம்பளத்தில். காரணம் எழுதியாயிற்று. எழுதினால் சரியாகிவிடும் என்று பார்த்தேன், ஆகவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில். ஜமக்காளம் துவைத்தேன். காயுமுன் மறுபடி மழை.

முரளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீ இன்னா பண்ணுவ, கம்பெனி சொன்னாங்க, செஞ்ச. உடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம். கம்பெனி சொல்லவில்லையே. வாடிக்கையாளர் தானே டைப் செய்ய வேண்டும், ஒரு எழுத்துகூட நீங்கள் தொடக் கூடாது என்று டிரெயினிங்கில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நான்தான் உதவி செய்தேன். உபகாரி. நாசமாய்ப் போன உபகாரி.

அவர்கள் அழைக்கச் சொன்னதும் தப்பு. ஆனால் அந்த லெட்டர் என் கைவேலை. இதைச் சொன்னால், ரொம்ப யோசிக்கிறாய் என்று டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

தையல்காரர் கடை மூடியிருந்தது.

ஜூலை 11, வெள்ளி

காளிமுத்து அண்ணன் அவருடைய சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். ஆபீஸ் மாடிப்படியில் நின்று பேசினேன். நேற்று லீவு போட்டுவிட்டு அந்த அரசு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் இருந்த மலையாளி விவரமாகச் சொல்லியிருக்கிறார். கம்பெனி உங்களை அழைத்துச் சேர்த்திருந்தால் எழுதிக் கொடுங்கள், கழுத்தைப் பிடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைக்க வழியிருக்கிறது. ஆனால் நீங்களாகவே போனீர்கள் என்று உங்கள் லெட்டரைக் கம்பெனி காட்டுகிறது. அது நிற்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது.

"நான் அப்புடி எழுதிக் குடுத்துருக்கேனாமே தங்கச்சி. எப்ப எழுதுனேன்?"

நான்தாண்ணே எழுதினேன் என்றேன். அன்றைக்கு வழக்கமான ஃபார்ம் என்று சொன்னேனே, அது இதுதான். நாலு வரியையும் தமிழில் சொன்னேன். முதல் தடவையாக.

அவர் பக்கம் இரும்பு இடிபடும் சத்தம். அப்புறம் சிரித்தார். "அதான பாத்தேன். நமக்கு ஏது இங்கிலீசு."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் போனை வைத்துவிட்டு அழுதிருப்பேன், முடிந்திருக்கும்.

வைப்பதற்கு முன், புகார் மனுவையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க என்றார். வேறு யாரைத் தெரியும் அவருக்கு.

ஜூலை 12, சனி

லீவு. சாம்பார் வைத்து, பாப்பாவை டான்ஸ் கிளாசில் விட்டுவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கம். எந்தத் தேதியில் எந்த நம்பரிலிருந்து அழைத்தேன், என்ன சொன்னேன், லெட்டரை யார் எழுதினது. என் முழுப்பெயர், பதவி, ஊழியர் எண். கௌரவ் சாரின் தாளில் நான் போட்ட கையெழுத்து பொய் என்பதும். இதெல்லாம் இல்லாமல் அந்த மனு நிற்காது. முப்பத்தொரு பேரில் ஒருவருக்கு நின்றால் மற்றவர்களுக்கும் நிற்கும்.

மதியம் போனில் வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"ஒங்க பேரு எதுக்கு? எடுத்துருங்க."

அது இல்லாவிட்டால் பணம் வராது என்று விளக்கினேன். இரண்டு முறை.

"வேலை போயிரும், கேசும் வரும். ஒங்களுக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்குல. என் மக அடுத்த வருசம் படிப்பா. பேர எடுத்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

சரிண்ணே என்றேன்.

உண்மையை எழுதுகிறேன். அவர் சொன்னதும் முதலில் வந்தது நிம்மதி. உடம்பெல்லாம் லேசானது. அப்படியே போய் இரண்டு தோசை சாப்பிட்டேன். அதன் பிறகுதான் என்னை எனக்கே பிடிக்காமல் போனது.

ஜூலை 13, ஞாயிறு

மழை. கேஸ் தீர்ந்தது, மாற்றினேன். முரளி வண்டி கழுவுகிறார், மழையில்.

பத்து மணிக்கு மனுவை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். பேர எடுத்துட்டீங்களா என்றார்.

எடுத்துட்டேண்ணே.

எடுக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் நடுவில் இருக்கிறது, முழுசாக, இங்கிலீஷில். முரளியிடமும் இன்னும் சொல்லவில்லை.

கீழ கையெழுத்துப் போட்டா போதுமா என்று கேட்டார். போதும், போட்டுவிட்டு இன்றைக்கே அந்த மலையாளி கொடுத்த விலாசத்துக்கு மெயில் செய்துவிடுங்கள் என்றேன்.

கால் மணி நேரத்தில் போட்டோ வந்தது. இரண்டு பக்கத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் காளிமுத்து. அனுப்பிவிட்டாராம். அவர் படித்துப் பார்க்கவில்லை.