இலை மூடிய பீக்கோ

மதினி, பெரியம்மா வீட்டு அடுப்பில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கொதிக்கிற வாசம் தெருமுனைவரை வருகிறது. மோப்பம் பிடிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? வந்துவிட்டேன். இன்று உங்கள் முதல் தெவசம்.

இந்த வாசத்தைக் கடைசியாக உங்கள் மகளின் பள்ளிக்கூடத்தில் பிடித்தேன். வருடத்துக்கு ஒரு நாட்டின் பெயரில் விழா எடுப்பார்கள். அண்ணன் சிங்கப்பூரில் பார்த்துக் கட்டிவந்த பிலிப்பைன்ஸ்காரி நீங்கள் கைவசம் இருக்க, அந்த வருடம் அவர்களுக்கு அலைச்சல் மிச்சம். உங்கள் ஊர் ஆட்டத்துக்காகப் பந்தல்காரரின் மூங்கில்களைத் தரையில் தட்ட, நடுவே பிள்ளைகள் துள்ளி ஆடினார்கள். ஒரு முனையைப் பிடித்த நான் என் விரலையே நசுக்கிக்கொண்டேன்.

“கொழுந்தனாரே, ஆடுறவுக காலுதான் மாட்டும். பிடிக்கிறவுக கை மாட்டி இப்பத்தான் பாக்கேன்.”

உங்கள் ஊர் ஒட்டரிசி அருப்புக்கோட்டையில் ஏது? பச்சரிசியைக் குழையவைத்துப் பீக்கோ என்கிற அந்த இனிப்பைக் கிண்டியிருந்தீர்கள். ஊரே தின்றது, நான் மூன்று ஊருக்குத் தின்றேன். ஒரு தட்டை மட்டும் இலைபோட்டு மூடி வைத்திருந்தீர்கள், பெரியம்மாவுக்கு. கண்டதையும் தின்கிற நாட்டுக்காரி என்று, வந்த நாளிலிருந்து உங்கள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்காத மாமியாருக்கு.

வந்தார். பேத்தி ஆடியதைப் பார்த்தார். தட்டையும் பார்த்தார்.

“இதுல என்னென்ன கெடக்கோ!”

“அரிசி, தேங்கா, கருப்பட்டி. அவ்வளவுதான் அத்தை.”

“எனக்கு வயிறு சரியில்ல.”

வீடு திரும்பும் பரளச்சி பஸ்ஸில் அந்தத் தட்டு உங்கள் மடியிலேயே வந்தது. நான் கை நீட்டினேன், தட்டிவிட்டீர்கள். “அடுத்த வருசம் சாப்பிடுவாக.”

அடுத்த விழாவுக்குள் ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று பெரியம்மா கேட்டார்: “ஏலே, படையல்ல பிடிச்சத வைக்கணுமே. அவளுக்கு என்னலே பிடிக்கும்?” அண்ணன் விழித்தான். எனக்கும் தெரியவில்லை, யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்த எனக்கு! உங்கள் மகள்தான் பீக்கோ என்று சொன்னாள். சிலுவை போடுகிற உங்களுக்குப் படையலா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

படைக்குமுன் ருசி பார்க்கக் கூடாது. இனிப்பு தெரியாமலே பெரியம்மா கிண்டினார், அடிப்பிடித்துவிட்டது. படைத்து முடித்ததும் ஒரு வாய் எடுத்துப் போட்டார். வெகுநேரம் மென்றார்.

“நல்லாத்தாம்லே இருக்கு” என்றார். “யாருகிட்டச் சொல்ல?”

ஊர்ச் செய்தியை எல்லாம் சூடு ஆறுமுன் உங்களிடம் கொண்டுவந்தவன் நான். இந்தச் செய்தி ஒன்றைத்தான் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், மதினி.