வெட்டாமல் விட்ட மூங்கில்

தெங்கேரா, மலாக்கா
4.3.1951

அன்புள்ள மீனம்மா,

உன் வீட்டுக்காரர் வீராசாமி பார்த்துச் சொல்லி நீ எழுதிய தாள் கிடைத்தது. நான் மதராஸில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள். இருபது வருடமாகப் பள்ளியில் அதையே சொல்லித் தருகிறேன். ஆனாலும் இந்தச் சின்ன மரங்கொத்தியை அதன் கூட்டில் வைத்துப் பார்த்ததில்லை. நடுவிரல் நீளம், வால் இருந்தும் இல்லாத மாதிரி, செங்காவி வயிறு, காலுக்கு மூன்றே விரல். ஆணுக்கு மட்டும் நெற்றியில் மஞ்சள் என்று அவர் சொன்னது சரி. காய்ந்த மூங்கிலில் துளை போட்டுக் குஞ்சு பொரிக்கும் என்பதை நான் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன்.

காட்டோரப் புதர்களையெல்லாம் வெட்ட உத்தரவு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். காட்டில் ஒளிந்திருந்து சுடுகிற கம்யூனிஸ்ட்காரர்களுக்கு மறைவிடம் இருக்கக் கூடாது என்பது நியாயம்தான். அந்த ஒரு மூங்கில் குத்தை மட்டும் மூன்று வாரம் விட்டுவைக்க முடியுமா என்று அவரிடம் கேள். குஞ்சுகள் பறந்ததும் வெட்டட்டும். கேட்கக் கூடாததைத்தான் கேட்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் எட்டு மாதம், கூடப் பிறந்தவள் போல, உங்கள் லயத்து வீட்டில் மரவள்ளி தின்று பிழைத்த உரிமையில் கேட்கிறேன்.

அன்புடன்,
கமலவேணி


மூன்றாம் டிவிஷன் லயம், பெம்பான்
15.3.1951

அக்காவுக்கு மீனம்மா எழுதுவது. நாங்கள் சுகம். நீங்கள் தனியாக இருந்துகொண்டு நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் என் கவலை.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "வெரல் அளவு குருவிக்கு நான் காவல் நிக்கணுமா? ஒங்க அக்கா கல்யாணம் கட்டாதது இதுங்களுக்கு நல்லதாப் போச்சு லா" என்று சிரித்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் தான் பால் வெட்டும் ரப்பர் நிரையின் ஓரத்தில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அந்தக் குத்தை மட்டும் விட்டுவிட்டார். மாயாண்டி கங்காணி, "ஏன்யா, இத யாருக்கு வெச்சிருக்க?" என்று கேட்டாராம். "பாராங் கத்தி மழுங்கிப் போச்சு கங்காணி, நாளைக்கு வெட்டிர்றேன்" என்றாராம். ஒன்பது நாளாக அதே நாளைதான்.

இப்போது பால் வெட்டப் போகிறவர்கள் சோறு எடுத்துப்போகக் கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். கேட்டில் மடியைத் தடவிப் பார்க்கிறார்கள். இவர் வெறும் வயிற்றோடு போய், அந்த ஜோடி மாறி மாறி எறும்பு கொண்டுவந்து ஊட்டுவதைப் பார்த்துவிட்டு வருகிறார். "அதுங்கள மட்டும் யாரும் தடவிப் பாக்கல" என்கிறார்.

உங்கள் தங்கை,
மீனம்மா


பெம்பான்
24.3.1951

அக்கா,

அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முந்தாநாள் காலை பிரட்டில் பேர் கூப்பிடும்போதே போலீஸ் லாரி வந்தது. வெட்டிய இடமெல்லாம் சுற்றிப் பார்த்தவர்கள், ஒரு குத்து மட்டும் நிற்பதைக் கண்டு யார் நிரை என்று கேட்டார்கள். கங்காணி சொல்லிவிட்டார். யாருக்கு மறைவு விட்டாய் என்றதற்கு இவர் குருவிக்கு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றே மூங்கிலை எரித்துவிட்டார்கள்.

இப்படிப் பிடித்தவர்களை விசாரணை இல்லாமல் வைத்திருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றுகிறார்களாம். இரண்டு வயதில் வந்தவர் அக்கா. அங்கே அவருக்கு யாரைத் தெரியும்?

நீங்கள் படித்தவர், சர்க்கார் பள்ளிக்கூடத்து டீச்சர். நான்தான் விடச் சொன்னேன் என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதினால் போதும், நம்புவார்கள். நீங்கள் எழுதிய கடிதத்தை அரிசி டின்னில் வைத்திருக்கிறேன்.

மீனம்மா


தெங்கேரா
31.3.1951

அன்புள்ள மீனம்மா,

போலீஸ் அதிகாரிக்கு மூன்று பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அப்படியொரு பறவை உண்டு, காய்ந்த மூங்கிலில் கூடு வைக்கும், வீராசாமி அதைக் கவனித்துவந்தார் என்றெல்லாம் விவரமாக எழுதி, படமும் வரைந்து வைத்திருக்கிறேன். தேவையானது அதில் இருக்கிறது. அதற்கு மேல் சேர்த்தால் விஷயம் குழம்பும் என்று தோன்றியது. போன மாதம் இங்கே ஓர் ஆசிரியரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் திரும்ப வேலைக்கு வரவில்லை.

இன்னொன்று. பழைய கடிதங்களை வைத்திருக்காதே. இந்தக் காலத்தில் வீட்டில் எந்தத் தாளும் நல்லதில்லை. எரித்துவிடு.

தைரியமாக இரு.

அன்புடன்,
கமலவேணி


பெம்பான்
9.4.1951

அக்கா,

நேற்று ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். நீங்கள் எழுதியதை அங்கே எழுத்து வேலை பார்க்கும் தமிழ்க் கிராணி எனக்குத் தமிழில் சொன்னார். குருவியின் நிறம், கால் விரல், முட்டை எத்தனை, எல்லாம் இருந்தது. விடச் சொன்னது நீங்கள் என்பது மட்டும் இல்லை. "குருவி இருக்குதும்மா, இல்லன்னு யாரு சொன்னா? அதுக்காக ஒரு தோட்டத்தாளு சர்க்கார் உத்தரவ மீறுவானா?" என்று கேட்டார்.

உங்கள் கடிதம் என் மடியில்தான் இருந்தது. எடுக்கக் கை போனது. கொடுத்தால் உங்களையும் உள்ளே வைப்பார்கள் என்று கை திரும்பிவிட்டது. எட்டு மாதம் ஒரே பாயில் படுத்திருக்கிறோம்.

எரிக்கவும் மனம் வரவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். இனி உங்கள் கையில்.

மீனம்மா


தெங்கேரா
16.4.1951

மீனம்மா,

இன்று பள்ளிக்குப் போகவில்லை. பஸ் பிடித்துப் போய் அந்தக் கடிதத்தை அதிகாரியின் மேசையில் வைத்தேன். கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். ஆம் என்றேன். முதலிலேயே ஏன் எழுதவில்லை என்றார். பயம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பள்ளிக்குத் தகவல் போகும் என்று சொன்னார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் என் பக்கத்து விளக்கமாகவே வந்தது. கிழித்துவிட்டேன்.

அவர் வீடு வந்தால் ஒரு வரி போடு.

கமலவேணி


பெம்பான்
20.5.1951

டீச்சரம்மாவுக்கு,

புதன்கிழமை விட்டுவிட்டார்கள். இளைத்துப் போயிருக்கிறார். துரை பழைய நிரையைக் கொடுக்கவில்லை. புல் வெட்டும் வேலைதான்.

வந்ததும் முதலில், "குஞ்சுங்க பறந்துச்சா?" என்று கேட்டார். "பறந்துச்சு, நானே பாத்தேன்" என்றேன். எரித்தபோது நான் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புகையைத்தான் பார்த்தேன்.

உங்கள் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதச் சொன்னார். கேட்டுவிட்டேன். ஆனால் நீங்கள் பதில் போட வேண்டாம். போட்டால் அதில் குஞ்சுகள் வரும். உங்களுக்குப் பொய் எழுத வராது. பாதியை எழுதாமல் விடத்தான் வரும். அதை அவருக்கு வாசித்துக் காட்ட என்னால் முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மீனம்மா