பத்தாம் தேதிக்கு ஓர் ஏரி

மார்ச் 14

மலைக்காட்டில் நடக்கப் பெர்மிட் கிடைத்துவிட்டது.

ஆறு வருடமாகக் குலுக்கலில் பெயர் கொடுத்தோம். ஆறு வருடமும் இல்லை என்றார்கள். இப்போது கிடைத்திருக்கிறது. இரண்டு பேர், ஒன்பது நாள், ஆகஸ்ட் 9 புறப்பாடு.

நானும் என் கணவன் டோபினும் பிரிந்து இன்றோடு நாற்பது நாள்.

மார்ச் 15

போன் செய்தேன். பெர்மிட் அவன் பெயரில் வந்திருக்கிறது. அவன் நேரில் போய் நின்றால்தான் செல்லும். வழியோ என்னுடையது. பாதையே இல்லாத இடத்தில், ஏரிக்கு ஏரி, ஆறு குளிர்காலமாகப் பென்சிலால் நான் போட்ட வழி. அந்த வரைபடம் என் சமையலறைச் சுவரில் இருக்கிறது.

"பெர்மிட்ட உனக்கு மாத்திக் குடுக்க முடியாதுடி. அது சட்டம்."

"மேப்ப உனக்குக் குடுக்க முடியாது. அது சட்டம் இல்ல. நான் குடுக்க மாட்டேன்."



"அப்போ ரெண்டு பேரும் போறதுதான் வழி" என்றான்.

"வழியப் பத்தி மட்டும்தான் பேசணும். வேற பேச்சே கூடாது."

"எட்டு வருஷமா வேற என்னத்தப் பேசியிருக்கோம்?"

போனை வைத்த பிறகும் அது காதில் இருந்தது. நாங்கள் பிரிந்தது அதனால்தானா?

மார்ச் 23, ஞாயிறு

வந்தான். தன்னிடம் சாவி இருந்த கதவைத் தட்டினான். ஷூவைக் கழற்றி வழக்கமாக எறிகிற மூலையில் எறிந்தான். பிறகு நினைவு வந்து, எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தான். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

தரையில் வரைபடத்தை விரித்தோம். சியரா மலைத்தொடரின் அந்தப் பக்கத்து ஏரிகளுக்குப் பெயர் கிடையாது. கடல்மட்டத்திலிருந்து உயரம் மட்டும் அடிக்கணக்கில் போட்டிருக்கும். 10,870. 11,193. 11,240. பெயர் வைக்கிற அளவுக்கு அங்கே யாரும் நின்றதில்லை.

மூன்று மணி நேரம் பேசினோம். சண்டையே வரவில்லை. பயமாக இருந்தது.

ஏப்ரல் 2

நீதிமன்றத்திலிருந்து கடிதம். ஆறு மாதக் காத்திருப்பு முடிந்து, ஆகஸ்ட் 10 முதல் விவாகரத்து செல்லும்.

ஆகஸ்ட் 10. பயணத்தின் இரண்டாம் நாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடிதத்தைக் காட்டினேன். படித்தான். அழுவான் என்று நினைத்தேன். வரைபடத்தின் மேல் குனிந்தான்.

"ரெண்டாம் நாள் எந்த ஏரி?"

"11,240."

"அங்க வேணாம். ஒரே சரளைக்கல்லு. காத்து பிச்சுட்டுப் போகும். விவாகரத்து ஆகுற எடம் கொஞ்சம் நல்லா இருக்க வேணாமா?"

"உனக்கு என்னதான்டா வேணும்?"

"சமதரை. நல்ல தண்ணி. மீன் இருக்கணும்."

"எனக்கு மனுஷங்களே இருக்கக் கூடாது."

இப்படியாக, எங்கள் திருமணம் முடியப்போகிற ஏரிக்கான தகுதிகளை ஒரு தாளில் எழுதினோம். திருமணம் நடந்த மண்டபத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

எடை நாள். சமையலறைத் தராசு, முதுகில் சுமக்கப்போகிற சாமான்கள்.

டோபின் பல்துலக்கியின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்தான்: ஒன்பது கிராம் மிச்சம். நான் வரைபடங்களின் வெள்ளை ஓரங்களை வெட்டினேன்: பதினொன்று.

பிறகு கயிறு. பதினைந்து மீட்டர், 210 கிராம். முன்பெல்லாம் கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டை மரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். இப்போது கரடியால் திறக்க முடியாத பெட்டி கட்டாயம் என்று ஆகிவிட்டது. கயிறு எதற்கு? பட்டியலில் அதைக் கோடு போட்டு அடித்தேன்.

"அது இருக்கட்டும்."

"காரணம் சொல்லு."

"காரணம் எல்லாம் இல்ல. இருக்கட்டும்."

"காரணம் இல்லாத சாமான் பையில ஏறாது."

"அப்போ நானு?"

"நீ பெர்மிட்டு."

சிரித்தான். நானும்தான். கயிற்றை அடித்தது அடித்ததுதான்.

மே 18, ஞாயிறு

பழைய இரண்டாள் கூடாரம்: 1,040 கிராம். ஓராள் கூடாரம் இரண்டு: 1,580.

பிரிந்து தூங்குவதற்கு 540 கிராம் அதிகம்.

"யார் தூக்குறது அந்த ஐநூத்தி நாப்பத?" என்று கேட்டான்.

கடைசியில் ஒரே கூடாரம், தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று தீர்மானம். பகலிலேயே ஒத்திகை பார்த்தோம், என் வீட்டுக் கூடத்தில், சோபாவைத் தள்ளிவிட்டு. அவன் பாதம் என் முகத்துக்கு எதிரே. இடது கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் என் பனிக்கோடரி விழுந்தது.

ஐந்து நிமிடத்தில் குறட்டை. எழுப்பவில்லை. கூடாரம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கத்தான்.

ஜூன் 9

யாரும் தட்டவில்லை. இன்று திங்கள்தானே.

ஜூலை 6, ஞாயிறு

ஏரி முடிவாகிவிட்டது: 11,193. சமதரை உண்டு, ஆள் வர வழி கிடையாது. மீன் இருக்கும் என்பது டோபினின் நம்பிக்கை.

ஒரே சிக்கல், அதற்கு இறங்குகிற சரிவு. வரைபடத்தில் ஒரு சமஉயரக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நாற்பது அடி உயர வித்தியாசம். நடுவில் முப்பத்தொன்பது அடிக்குச் செங்குத்தாகப் பாறை நின்றாலும் வரைபடத்துக்குத் தெரியாது. வெறும் வெள்ளைத் தாளாகத்தான் இருக்கும்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடுகள் ஒழுங்காக, அமைதியாக இருந்தன. எட்டு வருடமாக எங்களைப் பார்த்தவர்களும் இப்படித்தான் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 8

பெர்மிட் வாங்கப் போனோம். மேசைக்குப் பின்னால் வனத்துறை ஊழியர் பெர்னீஸ். எங்களை நன்றாகத் தெரிந்தவள். படிவத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

"அவசரம்னா யாருக்குச் சொல்லணும்கிற எடத்துல நீ இவ பேர எழுதியிருக்க."

"ஆமா."

"இவ உன் பேர எழுதியிருக்கா."

"ஆமாங்க."

"ரெண்டு பேரும் சேந்து மலையில உருண்டா நான் யாருக்குடா போன் பண்றது? அந்த ஏரிக்கா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேறு பெயர் இருவருக்குமே தோன்றவில்லை. பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"சரி சரி, எம் பேரப் போட்டுக்குறேன். செத்துகித்துத் தொலைக்காதீங்க, எனக்கு லீவு வருது" என்று முத்திரையைக் குத்தினாள்.

ஆகஸ்ட் 11

(நோட்டிலிருந்து ஆறு தாளைக் கிழித்துக் கொண்டுவந்தேன். மீதி வீட்டில். எடை.)

நேற்று கணவாயைத் தாண்டி இறங்கினோம். பெரிய பெரிய கற்கள், ஒவ்வொன்றும் அசைகிறது. கீழே 11,193 நீலமாக, கைக்கு எட்டுகிற மாதிரி. பிறகு தரை நின்றுவிட்டது.

பாறை. செங்குத்து. வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடம்.

"இதோ உன் முப்பத்தொம்பது அடி" என்றான்.

நான் உட்கார்ந்துவிட்டேன். பையோடு இறங்க முடியாது. திரும்பி ஏறினால் ஒன்பது நாளும் போச்சு. ஆறு குளிர்காலம் — என் வழி — நான்தான் — ஐயோ, நான் ஏன் இதை யோசிக்கல?

அவன் பையைத் திறந்தான். கரடிப் பெட்டியை எடுத்தான், பருப்பைக் கொட்டினான், அடியிலிருந்து கயிற்றை உருவினான்.

"இதோட எடைக்கு என்னத்த விட்டுட்டு வந்த?"

"மாத்து சட்டையும் பொத்தகத்தையும் வீட்டுல போட்டுட்டேன். அதான் நேத்து ராத்திரி அப்படி நாத்தம்."

முதலில் அவன் வெறும் கையோடு ஒரு பிளவு வழியாக இறங்கினான். நான் பைகளைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினேன். கயிற்றை வைத்து அளந்துபார்த்தோம்: இருபத்தாறு அடிதான். பிறகு நான் இறங்கினேன். பாதியில் கால் வைக்க இடமில்லை. அவன் மறுபடி ஏறி எனக்குக் கீழே நின்றான்.

"கால எறக்கு."

"எங்கடா?"

"எறக்கு, நான் புடிக்கிறேன்."

"தெரியலயே!"

"உனக்குத் தெரிய வேணாம். எனக்குத் தெரியுது."

குதிகாலைப் பிடித்து ஒரு விளிம்பில் வைத்தான். பிறகு அடுத்தது. அப்படியே தரைவரைக்கும்.

அதற்குமேல் நடக்க முடியவில்லை. ஒரு கதவு அளவு சமதரையில் கூடாரம் போட்டோம். தலையும் காலும் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

இன்று காலை ஏரிக்கு வந்தோம். இரண்டு மணி நேரமாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"மீனே இல்லடி. விவாகரத்த ரத்து பண்ணிடலாமா?"

"அது நேத்தே ஆயிடுச்சு."

"நேத்தா? எங்க?"

மேலே காட்டினேன். இங்கிருந்து பார்த்தால் அந்தப் பாறை தெரியவே இல்லை. ஒரே சரிவாக, எளிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19

வீடு. தீர்ப்பு தபாலில் வந்திருக்கிறது. மூன்று தாள். பழக்கதோஷத்தில் தராசில் வைத்தேன். பதினான்கு கிராம்.

மார்ச் 13

மறுபடி பெர்மிட் கிடைத்திருக்கிறது. இந்த முறை முதல் குலுக்கலிலேயே. இரண்டு பேர், ஜூலை 25.

விவாகரத்தில் மாற்றமில்லை. டோபின் தனியாக எடுத்த வாடகை அறையில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். ஷூவை அதே மூலையில் எறிகிறான். எடுத்து வெளியே வைப்பதில்லை, நானும் சொல்வதில்லை.

அவசரம்னா யாருக்கு என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் பெர்னீஸ். கேட்காமலே போட்டுவிட்டோம்.

இந்த முறை அந்தப் பாறையைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அரை நாள் கூடுதல். "சுத்தணுமா?" என்று கேட்டான். அந்த வழியை ரப்பரால் அழித்துவிட்டேன்.

சாமான் பட்டியல் தொடங்கியாகிவிட்டது. இதுவரை ஒரே வரி.

கயிறு, 15 மீட்டர் — 210 கிராம். என் பையில்.