நல்ல கேஸ்

அன்பு மகள் மைதிலிக்கு, ஜேடர்பாளையத்திலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அடிவயிற்றில் போட்ட தையலும் சுகம். அஸ்ஸாம் மழையில் நீ நனையாமல் இருந்தால் சரி. போனில் சொன்னால் "சரிங்கப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் காகிதம்.

குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைச் சொன்னேன், முந்தின நாள் காலையில் நடந்ததைச் சொல்லவில்லை. பெரிய டாக்டர் பின்னால் உன்னைப் போலவே டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பேர் வந்து என் இருபத்திரண்டாம் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒரு பிள்ளை "நல்ல கேஸ்" என்றது. முப்பது வருடம் லாரி ஓட்டியும் என்மேல் ஒரு கேஸ் கிடையாது, அன்றைக்கு ஒரே நிமிடத்தில் நானே கேஸ் ஆகிவிட்டேன். வணக்கம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வேட்டியை விலக்கிவிட்டார்கள். இருமச் சொன்னார்கள், ஆளுக்கு ஒரு தடவை இருமினேன். ஒரு பையன் போனில் படமும் எடுத்தான். "படம் எதுக்குங்க தம்பி" என்றேன். "படிக்கறதுக்குத்தானுங்க, மொகம் தெரியாதுங்கய்யா" என்றான். எதிர்ச் சுவரில் நோயாளியின் உரிமைகள் என்று பெரிய பலகை. பிள்ளைகள் அதற்கு முதுகைக் காட்டி நின்றதால் படிக்க முடியவில்லை போலும். படுத்துக் கிடந்த நான்தான் முழுதும் படித்தேன். தொடுமுன் கேட்க வேண்டுமாம், வேண்டாம் என்றும் நான் சொல்லலாமாம். அதைப் படித்து முடித்தபோது பத்து இருமலும் முடிந்திருந்தது.

இதுவரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன் சாமி. போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு அம்மாவின் புண் பிடித்த காலின் படத்தைப் போட்டு "நல்ல கேஸ்ப்பா" என்று எழுதினாயே, அதை என் மகள் பார்க்கும் வைத்தியம் என்று லாரி ஓனர் குரூப்புக்கு அனுப்பியவன் நான். பன்னிரண்டு பேர் கும்பிடு போட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தபடி அதை மறுபடி பார்த்தேன். அந்தக் கால் நகங்களில் சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது, யாரோ ஆசையாகப் பூசிவிட்டிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் போனில் அழித்துவிட்டேன், மற்றவர்கள் போனில் இருப்பதை என்ன செய்ய? என் படமும் எந்த ஊரில் எந்த அப்பாவுக்குப் பெருமையாக இருக்கிறதோ.

நீ அந்த அம்மாவைக் கேட்டுத்தான் எடுத்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. இன்னும் வார்டில் இருந்தால் போய்ப் படம் ஊரெல்லாம் போன விஷயத்தைச் சொல், திட்டினால் வாங்கிக்கொள், என் பங்கையும் சேர்த்து.

நல்ல டாக்டராக நீ நூறு வருடம் இருக்க வேண்டும். குடையை மறக்காதே. பதில் எழுதும்போது அந்த அம்மாவின் பெயரை எழுது.

உன் அப்பா,
சின்னண்ணன்
(இருபத்திரண்டாம் கட்டில்)